கீறிப் பார்த்தால் யோசனை வரும்

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே எட்டிப் பார்க்காமல், நினைவிலிருந்து ஒரு சைக்கிளைக் கீறுங்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நம் கரையோரத்தில் எந்த ஊரில் வளர்ந்தவருக்கும் இதைவிடப் பழகிய பொருள் அரிது. மேடு பள்ளமில்லாத மண் இது. பாடசாலைக்கும் சந்தைக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் சைக்கிளிலேயே போய்வந்த தலைமுறைகள் நாம்.

இரண்டு வட்டம் போட்டாயிற்று. சீற், ஹேண்டில் வைத்தாயிற்று. இனிச் செயினை எங்கே மாட்டுவது? பெடல் எதில் பொருந்தியிருக்கிறது? இரண்டு சில்லுகளையும் தாங்கும் கம்பிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன? கை தயங்கும். இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக உளவியலாளர் ரெபேக்கா லோசன் இதையே ஆய்வாக நடத்தி 2006இல் வெளியிட்டார். பலர் செயினை முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் சேர்த்துச் சுற்றிவிட்டார்கள். சிலர் முன் சில்லையும் பின் சில்லையும் ஒரே கம்பியால் பிணைத்துவிட்டார்கள். அப்படி ஒரு சைக்கிளைச் செய்தால் ஹேண்டிலைத் திருப்பவே முடியாது. அன்றாடம் சைக்கிள் ஓட்டுபவர்கள்கூடத் தவறிழைத்தார்கள்.

தெரியும் என்று நாம் நினைப்பதற்கும் உண்மையில் தெரிவதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அந்தத் தாள் காட்டிக்கொடுக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் அதே கணத்தில் நடக்கிறது. செயின் ஏன் பின் சில்லுக்கு மட்டும் போகிறது என்ற கேள்வி பிறக்கிறது. யாரும் கேட்கச் சொல்லவில்லை, பரீட்சையிலும் அது வராது, ஆனால் விடை தெரியாமல் விடமுடியவில்லை. ஒரு மாணவனிடம் ஆர்வம் பிறக்கும் கணம் இதுதான். அதை உண்டாக்கியது ஒரு பென்சில்.

சித்திரத்தை நாம் பெரும்பாலும் யோசனையின் முடிவாகப் பார்க்கிறோம். முதலில் மனதில் ஒன்று தோன்றும், பிறகு கை அதைத் தாளில் இறக்கும் என்று நம்புகிறோம். கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன. கீறும்போதுதான் யோசனையே உருவாகிறது. இது உண்மையானால், நம் பாடசாலைகளில் கீறலுக்கு நாம் கொடுத்திருக்கும் இடம் மிகச் சிறியது.

தலைக்குள் தெரியாதது தாளில் தெரியும்

வாத்தும் முயலுமாக மாறி மாறித் தெரியும் ஒரு படம் உண்டு. ஒரு பக்கம் பார்த்தால் வாத்தின் அலகு. அதே கோடுகள் மறு பக்கம் பார்த்தால் முயலின் காதுகள். டெபோரா சேம்பர்ஸ், டானியல் றைஸ்பேர்க் என்ற இரு உளவியலாளர்கள் 1985இல் இதை வைத்து எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். இதை முன்பு பார்த்திராதவர்களுக்குப் படத்தைச் சில விநாடிகள் மட்டும் காட்டினார்கள். பிறகு, “இப்போது அதை மனக்கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வேறேதும் தெரிகிறதா?” என்று கேட்டார்கள். வாத்தைக் கண்டவர்களுக்கு வாத்து மட்டுமே தெரிந்தது. ஒருவராலும் மறு உருவத்தைக் காண முடியவில்லை. அடுத்து, நினைவில் இருப்பதை அப்படியே ஒரு தாளில் கீறச் சொன்னார்கள். தாங்களே கீறிய அந்தப் படத்தைப் பார்த்ததும் எல்லோரும் மற்ற உருவத்தைக் கண்டுகொண்டார்கள்.

பின்னால் நடந்த சோதனைகளில், தக்க குறிப்புக் கொடுத்தால் சிலரால் மனதுக்குள்ளேயே மாற்றிப் பார்க்க முடிந்தது. ஆனாலும் தாளில் அது எவ்வளவு எளிது, தலைக்குள் எவ்வளவு கடினம் என்பதில் மாற்றமில்லை. காரணம் இதுதான்: மனதில் ஒரு உருவத்தை நாம் வைத்திருக்கும்போது அது என்ன என்ற தீர்ப்பையும் அதோடு ஒட்டியே வைத்திருக்கிறோம். வாத்து என்று தெரிந்து வைத்த உருவம் வாத்தாகவே இருக்கும். தாளில் இறங்கியதும் அந்தத் தீர்ப்பு கழன்றுவிடுகிறது. அங்கே இருப்பவை வெறும் கோடுகள். அவற்றைக் கண் புதிதாகப் பார்க்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே நேரத்தில் நம் மனம் கையில் ஏந்தக்கூடிய விடயங்கள் மிகக் குறைவு. உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய நான்கு என்று கணித்தார். ஐந்தாவது வரும்போது முதலாவது நழுவும். ஒரு இயந்திரத்தையோ ஒரு கதையின் போக்கையோ ஒரு வீட்டின் அமைப்பையோ யோசிப்பதற்கு நான்கு போதாது. தாள் மிச்சத்தைச் சுமக்கிறது. நினைவில் பிடித்து வைக்கும் வேலை குறைந்ததும், மனம் பொருத்திப் பார்க்கவும் மாற்றிப் பார்க்கவும் தொடங்குகிறது.

சார்லஸ் டார்வினின் குறிப்புக் கொப்பி ஒன்றில் இதை நேரில் காணலாம். 1837இல், தம் இருபத்தெட்டாவது வயதில், அவர் ஒரு பக்கத்தின் மேலே “நான் நினைக்கிறேன்” என்ற பொருளில் இரண்டே சொற்களை எழுதினார். அந்த வாக்கியத்தை உடனே சொற்களால் தொடரவில்லை. அதன் கீழே கிளை விட்டுப் பிரியும் ஒரு மரத்தைக் கிறுக்கினார். ஒரு மூதாதையிலிருந்து பல உயிரினங்கள் கிளைத்து வருவதையும், சில கிளைகள் அற்றுப்போவதையும் அந்தக் கோணல் கோடுகள் காட்டின. இயற்கைத் தேர்வு என்ற விளக்கம் அவருக்குத் துலங்கியது அதற்கு அடுத்த ஆண்டு, பொருளியலாளர் மல்தூசின் நூலை வாசித்த பிறகு. டார்வினின் சொந்த நூல் வெளிவந்தது 1859இல். அந்தப் பெரிய நூலில் இருந்த ஒரே படமும் கிளைக்கும் ஒரு வரைபடம்தான். விளக்கத்துக்கு முன்னால் கீறல் வந்துவிட்டது. விளக்கம் அதைப் பின்தொடர்ந்து வந்தது.

அரைகுறைக் கோட்டின் பலம்

கீறல் அரைகுறையாக இருப்பது அதன் குறை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். யோசனைக்கு அதுவே பலம். மசாக்கி சுவா, பார்பரா டுவெர்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கட்டடக் கலைஞர்களும் கட்டடக்கலை மாணவர்களும் ஒரு கலை அருங்காட்சியகத்தை வடிவமைப்பதைப் படம்பிடித்தார்கள். பிறகு ஒவ்வொரு கோட்டையும் கீறியபோது என்ன யோசித்தீர்கள் என்று அவர்களிடமே கேட்டார்கள். அனுபவசாலிகள் தாங்கள் கீறியதிலேயே தாங்கள் எண்ணியிராதவற்றைக் கண்டார்கள். ஒரு சுவர் எங்கே வளைகிறது என்று பார்த்தவர், அந்த வளைவில் மனிதர்கள் எப்படி நடந்து வருவார்கள், வெளிச்சம் எங்கே விழும் என்றும் கண்டுகொண்டார். மாணவர்களுக்குக் கோடும் வடிவமும் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் புழக்கம் குறைவாகவே தெரிந்தது. பார்க்கும் பழக்கம் கீறக் கீற வளர்கிறது.

பொறியியலின் வரலாற்றில் இந்தப் பழக்கத்துக்குப் பழையதொரு சான்று நம்மவர்களுக்கு அந்நியமில்லாத ஒரு பெயரில் இருக்கிறது. இன்றைய துருக்கியின் தியார்பகிர் பகுதியில் அர்துக்கிய அரசர்களிடம் பணிசெய்த அல்-ஜஸரி, 1206இல் தம் இயந்திர நூலை நிறைவுசெய்தார். நீர்க் கடிகாரங்கள், நீரிறைக்கும் பொறிகள், தானே இயங்கும் பொம்மைகள், யானைக் கடிகாரம் என்று ஏறக்குறைய ஐம்பது பொறிகள் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் படம் கீறி, உறுப்புகளுக்கு அரபு எழுத்துகளைக் குறியாக இட்டு, எந்த உறுப்பு எதோடு சேர்கிறது என்று விளக்கினார். நம் மாணவர்கள் உயிரியல் கொப்பியில் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதும் அதே முறை அது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு இன்றைய கைவினைஞர்கள் அந்தப் படங்களைப் பார்த்து அப்பொறிகளை மீண்டும் செய்திருக்கிறார்கள்.

கீறினால் நிற்கும்

யோசனை ஒருபுறம் இருக்கட்டும், பாடம் மனதில் நிற்குமா என்பதுதான் பெற்றோரின் கவலை. அதற்கும் விடை இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வாம்ஸ், மெலிசா மீட், மைரா பெர்னாண்டஸ் ஆகியோர் 2016இல் ஒரு தொடர் சோதனையை வெளியிட்டார்கள். பங்குபற்றியவர்களுக்குச் சொற்களைக் கொடுத்து, சிலவற்றைப் படமாகக் கீறவும் சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும் சொன்னார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் 40 விநாடி. பிறகு, முன்னறிவிப்பு இல்லாமல், நினைவிருப்பதைச் சொல்லக் கேட்டார்கள். எழுதிய சொற்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு, கீறிய சொற்கள் நினைவில் இருந்தன. கீறும் நேரத்தை 4 விநாடியாகக் குறைத்துப் பார்த்தபோதும் கீறலே முந்தி நின்றது. இந்தப் பலன் சித்திரத் திறமை உள்ளவர்களுக்கு மட்டும் கிடைத்ததும் அல்ல.

ஏன் இப்படி? ஒரு சொல்லை எழுதும்போது கை எழுத்தை மட்டும் திருப்பிச் சொல்கிறது. அதைக் கீற வேண்டுமானால் அது எப்படி இருக்கும் என்று தீர்மானிக்க வேண்டும், கையை அதற்கேற்ப அசைக்க வேண்டும், வந்ததைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். பொருள், அசைவு, காட்சி என்ற மூன்று வழியாகவும் அது மூளைக்குள் பதிகிறது. ஒன்று அடைபட்டாலும் மற்றொன்றால் அதை எடுக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பாடத்தை வாசித்து மனம்போனபடி கீறிவிட்டால் மட்டும் போதாது. பெகி வான் மீட்டர் 2001இல் ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் செய்த ஆய்வில், நரம்பு மண்டலம் பற்றிய பாடத்தை வாசித்துப் படம் கீறிய பிள்ளைகளில், தம் படத்தைச் சரியான படத்தோடு ஒப்பிட்டு “இரண்டுக்கும் என்ன வேறுபாடு?” என்ற கேள்விகளுக்கு விடை தேடியவர்களே நன்றாக விளங்கிக்கொண்டார்கள். முதலில் தானாகக் கீறுவது, பிறகு ஒப்பிடுவது. நம் வகுப்பறைகளில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு. கரும்பலகையில் சேர் கீறிய இதயத்தைப் பார்த்துக் கொப்பியில் அப்படியே இறக்குகிறோம். கண்ணும் கையும் வேலை செய்கின்றன. யோசனைக்கு வேலை இல்லை.

நரம்பணு அறிவியலின் தந்தையென மதிக்கப்படும் சந்தியாகோ ரமோன் இ கஹால் ஓவியராக வரவே ஆசைப்பட்டவர். மருத்துவரான தந்தை அதை விரும்பவில்லை. மகனை மருத்துவத்துக்குத் திருப்ப, மனித எலும்புகளை வைத்து உடற்கூற்றைக் கற்பித்தார். மகன் அவற்றையும் கீறித் தள்ளினார். பிற்காலத்தில் நுண்ணோக்கி வழியே மூளையைப் பார்த்தபோது அந்தக் கை கைகொடுத்தது. மூளை ஒரே தொடர்வலை என்று பலர் நம்பிய காலத்தில், அது தனித்தனிக் கலங்களால் ஆனது என்பதை அவர் கீறிக் கீறி நிறுவினார். 1906இல் நோபல் பரிசை, அந்த வலைக் கொள்கையை நம்பிய கமிலோ கொல்ஜியோடு பகிர்ந்துகொண்டார். தந்தை தடுத்த பழக்கமே மகனுக்கு ஆய்வுக் கருவியானது.

எந்த வயதில் கை நின்றுபோகிறது?

மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரும் கீறக் கற்றுக்கொடுப்பதில்லை. மணலில் கீறும், சுவரில் கீறும், உம்மாவின் கணக்குக் கொப்பியில் கீறும். அதே பிள்ளை பன்னிரண்டு வயதில், “எனக்குக் கீறத் தெரியாது சேர்” என்கிறது. இடையில் என்ன நடந்தது?

கலைக்கல்வி ஆய்வாளர் விக்டர் லோவன்பெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில் பிள்ளைகளின் சித்திர வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்தார். சிறு வயதில் பிள்ளை தான் அறிந்ததைக் கீறுகிறது; வீட்டுக்குள் இருப்பவர்களையும் சுவர் வழியே தெரிவது போலக் கீறும். ஒன்பது, பத்து வயதளவில் கண் கூர்மையாகிறது. உள்ளதை உள்ளபடி கீற வேண்டும் என்ற ஆசை வருகிறது. கையோ அந்தளவுக்குப் பழகவில்லை. தன் படம் “சரியாக இல்லை” என்று பிள்ளையே முடிவுசெய்து, பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது.

நம் நாட்டில் அதே வயதில்தான் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வந்து நிற்கிறது. மாலை வகுப்பு, மாதிரி வினாத்தாள், மீண்டும் மாதிரி வினாத்தாள். பிள்ளைக்குத் தன் கை மீது ஐயம் வரும் வயதில், கையைத் தேற்றித் தட்டிக்கொடுக்க வீட்டிலும் நேரமில்லை, வகுப்பிலும் நேரமில்லை. தப்பிப் பிழைத்துக் கீறுகிற பிள்ளைக்கு நாம் வைத்திருப்பது சித்திரப் போட்டி.

பரிசு கொடுத்தால் ஆர்வம் வளரும் என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. அதைச் சோதித்த புகழ்பெற்ற ஆய்வு கீறலைக் கொண்டே நடந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில், கீறுவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதற்குழுவிடம், கீறினால் பொன் முத்திரையும் நாடாவும் பதித்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் வண்ணப் பேனைகளை மேசையில் வைத்துவிட்டு ஒளிந்திருந்து பார்த்தார்கள். பரிசுக்காகவே கீறிய முதற்குழுப் பிள்ளைகள், மற்ற இரு குழுக்களும் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே பேனையைத் தொட்டார்கள். 1973இல் வெளியான இந்த முடிவு கல்வி உளவியலையே திருப்பிப் போட்டது. தானாகப் பிடித்த ஒன்றை விலைக்கு வாங்கினால், விலை நின்றதும் பிடிப்பும் நின்றுவிடுகிறது.

மீலாத் விழாவிலும் சிறுவர் தினத்திலும் நடக்கும் போட்டிகளை நிறுத்த வேண்டும் என்பதல்ல என் வாதம். போட்டி ஆண்டுக்கு ஒரு நாள். மீதி நாட்களில் புள்ளியும் பரிசும் இல்லாத கீறலுக்கு இடமிருக்க வேண்டும். இரண்டாம் குழுவைக் கவனியுங்கள்: எதிர்பாராமல் கிடைத்த பாராட்டு அந்தப் பிள்ளைகளின் ஆசையைக் குறைக்கவில்லை. “இந்தக் கம்பியை ஏன் இப்படி வளைத்தாய்?” என்று ஒரு சேர் குனிந்து நின்று கேட்பது, எந்தக் கேடயத்தையும்விடப் பெரிய பாராட்டு.

இந்த மண்ணில் ஏற்கெனவே நடந்தது

பார்த்துக் கீறுவதிலிருந்து பிள்ளையை விடுவிக்க வேண்டும் என்ற குரல் இலங்கைக்குப் புதிதல்ல. பிரித்தானியர் காலத்தில் பாடசாலைச் சித்திரம் என்றால் மாதிரிப் படத்தைப் பிசகாமல் நகலெடுப்பது. 1920களில் கல்வித் திணைக்களத்தின் தலைமைச் சித்திரப் பரிசோதகராக இருந்த சார்ல்ஸ் ஃப்ரீகுரோவ் வின்சர் அந்த வழக்கத்தை அசைத்தார். பின்னாளில் அந்தப் பதவிக்கு வந்த டபிள்யூ. ஜே. ஜி. பீலிங், பிள்ளை தன் அனுபவத்தைத் தன் கோட்டில் சொல்ல வேண்டும் என்பதைப் பாடசாலைகளுக்குள் கொண்டுபோனார். லயனல் வென்ட்டும் ஜோர்ஜ் கீற்றும் இருந்த, 1943இல் உருவான '43 குழு' என்ற கலைஞர் அமைப்பில் பீலிங்கும் ஒருவர். நாட்டின் நவீன ஓவியத்தை மாற்றிய அதே கை, பாடசாலைச் சித்திரக் கொப்பியையும் மாற்ற முயன்றது. யாழ்ப்பாணத்தில் சித்திர வித்தியாதிகாரி எஸ். ஆர். கனகசபை முன்னின்று நடத்திய சித்திரக் கழகம் வின்சரின் பெயரையே தாங்கியது.

நம் பக்கத்திலேயே இன்னொன்று. கல்முனையிலிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில், மட்டக்களப்பில், 1996இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் அதன் முன்னோடிகள். போர் நடந்துகொண்டிருந்த காலம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக அங்கே வந்து வண்ணம் தீட்டினார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள். யாரும் புள்ளி போடவில்லை. ஒருவரையொருவர் அஞ்சி வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரே மேசையில் ஒரே தாளைப் பகிர்ந்துகொள்ள அது வாய்ப்பானது. எட்டு ஆண்டுகளில், 2004 டிசம்பர் 26 காலையில், ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது கரைகளைத் துடைத்தெடுத்தது. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நம் அம்பாறை. போரும் கடலும் பேசமுடியாத அளவுக்குச் சுமத்திவிட்ட ஒரு கரையில், சொல்லுக்கு முன்னால் கோடு வரும் என்பதைப் பிள்ளைகளிடம் பழகிய பலர் கண்டிருக்கிறார்கள்.

நாளைக்கே செய்யக்கூடியவை

இதற்குப் புதிய கட்டடமோ திட்டமோ தேவையில்லை. தரம் 7 வகுப்பு ஒன்றில் ஒரு பாடவேளை போதும்.

ஒவ்வொருவரும் ஒரு தாளை எட்டுக் கட்டமாக மடிக்கட்டும். கேள்வி இது: காலையில் சந்தையிலிருந்து மீன் ஏற்றி ஊரெல்லாம் சுற்றும் வியாபாரியின் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் பத்து மணிக்குள் கரைந்துபோகிறது. வேறு எப்படிப் பெட்டி செய்யலாம்? கட்டத்துக்கு ஒரு நிமிடம். அடிமட்டமும் அழிறப்பரும் பையிலேயே இருக்கட்டும்.

முதல் இரண்டு மூன்று கட்டங்களில் வழக்கமான பெட்டியே வரும். அது இயல்பு. உளவியலாளர் கில்ஃபோர்டும் அவருடைய சகாக்களும் 1957லேயே கண்டது இது: முதலில் வரும் யோசனைகள் எல்லோருக்கும் வருபவை, புதியவை பின்னால்தான் வரும். நான்காவது கட்டத்தில் மாணவன் மூடியைக் கீற வேண்டும். எங்கே திறக்கும்? பக்கவாட்டிலா, மேலேயா? குளிர்ந்த காற்றுக்கு அம்புக்குறி போடுகிறான். குளிர்காற்று பாரமானது, கீழே இறங்கும். பக்கவாட்டில் திறந்தால் அது வழிந்து வெளியே போய்விடும் என்று அவனுடைய அம்பே அவனுக்குச் சொல்கிறது. ஐந்தாவதில் பெட்டியை இரண்டாகப் பிரிக்கிறான்: இப்போது விற்கும் மீனுக்கு ஒன்று, பிறகு விற்பதற்கு ஒன்று, ஒன்றை அடிக்கடி திறந்தாலும் மற்றது குளிர்ந்தே இருக்கும். ஆறாவதில் கரைந்த நீர் எங்கே போகும் என்று குழாய் ஒன்றைக் கீறுகிறான். வெப்பம், அடர்த்தி, காவலி என்று விஞ்ஞானப் பாடத்தில் வரப்போகும் எல்லாம், பெயர் தெரியுமுன்பே தாளில் வந்து நிற்கின்றன.

மாதிரிப் படம் எதையும் முன்னால் காட்டிவிடக் கூடாது. டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், சிந்தாத கோப்பிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டார்கள். சிலருக்கு முதலில், உறிஞ்சு குழாய் வைத்த, குறையுள்ள ஒரு மாதிரியைக் காட்டினார்கள். உறிஞ்சு குழாய் வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியிருந்தும், மாதிரியைப் பார்த்தவர்கள் அந்தக் குறையையே தம் வடிவங்களிலும் கொண்டுவந்தார்கள். வளர்ந்தவர்களையே ஒரு மாதிரி இப்படிக் கட்டிவிடும் என்றால், பிள்ளையை எவ்வளவு கட்டிவிடும்?

உயிருள்ளவற்றை வரைவதில் தயக்கமுள்ள வீடுகள் நம் ஊர்களில் உண்டு. அந்தத் தயக்கத்தை மதித்துக்கொண்டே செய்யக்கூடியது ஏராளம். கணிதப் பெட்டியிலிருந்து கவராயத்தை எடுத்து ஒரு வட்டம் போடட்டும். அகலத்தை மாற்றாமல், வட்டத்தின் விளிம்பில் முனையை வைத்து இன்னொரு வட்டம். வெட்டும் புள்ளியில் மீண்டும் ஒன்று. சுற்றிவரும்போது ஆறாவது வட்டம், இம்மியும் பிசகாமல், தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். ஏன்? மையத்தையும் அடுத்தடுத்த இரு புள்ளிகளையும் இணைத்தால் மூன்று பக்கமும் ஆரையின் நீளமே; சமபக்க முக்கோணம்; கோணம் 60 பாகை. ஆறு அறுபது 360. இனி எந்தப் புள்ளியை எதோடு இணைப்பது என்பது பிள்ளையின் விருப்பம். ஒருவருக்கு நட்சத்திரம், ஒருவருக்கு அறுகோணத் தேன்கூடு, ஒருவருக்குப் பூ. ஒரே வட்டங்களிலிருந்து நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது கோலங்கள்.

இஸ்தான்புல்லின் தொப்காபி அரண்மனையில் இப்படிப்பட்ட 114 வடிவங்களைத் தாங்கிய, ஏறக்குறைய 30 மீற்றர் நீளமான ஒரு காகிதச் சுருள் இருக்கிறது. பள்ளிவாசல்களையும் மாளிகைகளையும் அலங்கரித்த கைவினைஞர்களின் வேலைக் கொப்பி அது. அதை உற்றுப் பார்த்தால், மைக்கோடுகளுக்கு அடியில், மை இல்லாமல் ஊசிமுனையால் கீறிய துணைக்கோடுகள் தெரிகின்றன. பள்ளிவாசல் சுவரில் நாம் காணும் அழகு முழுவதும், யாரோ ஒருவர் கீறிப் பார்த்துக் கண்டுபிடித்தது.

மருதமுனைப் பிள்ளைக்கு இன்னொரு வகுப்பறை வீட்டுப் பக்கத்திலேயே தறியோசையோடு இருக்கிறது. நெசவில் ஒரு கோலம் எப்படி இறங்கும் என்பதைக் கட்டத்தாளில் முன்கூட்டிக் காணலாம். பாவு நூல் மேலே வரும் இடத்தில் கட்டத்தை நிரப்ப வேண்டும், ஊடை நூல் மேலே வரும் இடத்தை வெறுமையாக விட வேண்டும். நான்குக்கு நான்கு கட்டத்தில் ஒரு சிறு வடிவத்தை நிரப்பி, அதையே பக்கத்திலும் கீழேயும் திருப்பித் திருப்பிப் போட்டால், ஓரங்கள் சந்திக்கும் இடத்தில் யாரும் எண்ணாத இன்னொரு வடிவம் எழும். பாட்டன் காலத்துத் தொழிலுக்குப் பேரன் புதுக்கோலம் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அந்தக் கட்டத்தாளில் இருக்கிறது.

பாடம் எதுவானாலும் முறை ஒன்றுதான். ஒன்றைக் கீறாமல் பலவற்றைக் கீற வேண்டும். அழிக்காமல் பக்கத்தில் மறுபடி கீற வேண்டும். கீறியதைத் தள்ளிவைத்துப் பார்த்து, இதில் நான் நினைக்காதது என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும். பிறகு பக்கத்திலிருப்பவருக்கு வாய்விட்டு விளக்க வேண்டும். கடைசியாகத்தான் பாடநூலின் படத்தோடு ஒப்பிட வேண்டும். இந்தப் பக்கங்களுக்குப் புள்ளி வேண்டாம். சிவப்புப் பேனையும் வேண்டாம். ஒவ்வொரு கொப்பியின் பின்பக்கத்திலும் பத்துத் தாள்களை இதற்கென்றே ஒதுக்கிவிடலாம். அங்கே கிறுக்கியதற்காக எந்தப் பிள்ளையும் ஏச்சு வாங்கக் கூடாது.

நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்பதைப் பரீட்சைப் பெறுபேறுகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. கேட்ட கேள்விக்கு விடை எழுத அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கரைக்கு இன்னும் தேவைப்படுவது, யாரும் கேட்டிராத கேள்வியைக் கேட்கும் பிள்ளைகள்: கடலரிப்பைத் தடுக்க, நெல்லைக் காயவைக்க, தறியை மாற்றியமைக்க, மீனைப் பழுதாகாமல் காக்க. அந்தக் கேள்விகள் பாடநூலிலிருந்து வருவதில்லை, அரைகுறையாகக் கீறிய ஒரு கோட்டைப் பார்த்து, “இது இப்படி இருந்தால் என்ன?” என்று ஒரு பிள்ளை நினைக்கும்போது வருகின்றன. அதற்கு ஒரு பென்சிலும், தப்பாகக் கீறும் உரிமையும் போதும். முதலாவது எல்லாப் பிள்ளையிடமும் இருக்கிறது. இரண்டாவதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.